நாரை ஏன் மெலிந்தது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ‘பாங்காவ் ஓ பாங்காவ்’ என்ற மலாய் நாட்டுப்பாடலைப் பிள்ளைகள் பாடுகிறார்கள். அதில் சமூகக் கிண்டல் எங்கே இருக்கிறது?

பதில்: முடிவில். ‘ஏன் மெலிந்தாய்?’ என்று நாரையைக் கேட்டால், மீன் மேலே வரவில்லை என்கிறது. மீன், புல் நெடுக வளர்ந்துவிட்டது என்கிறது. புல் எருமையைக் கைகாட்டுகிறது, எருமைக்கு வயிற்றுவலி. வயிறு வேகாத சோற்றையும், சோறு ஈர விறகையும், விறகு மழையையும், மழை தவளையையும், தவளை பாம்பையும் சொல்கின்றன. பாம்பு மட்டும், ‘தவளை என் இரைதானே’ என்று நேராகச் சொல்லிவிடுகிறது. பழி அதற்குமேல் கைமாற வழியில்லை.

மற்ற ஒன்பதும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே நம்பக்கூடிய காரணங்கள். ஆனால் தன் பங்கை எதுவும் ஏற்கவில்லை. பழியைத் தள்ளிவிடும் குணத்தைச் சாடும் பாட்டு என்று பலரும் பொருள் கொள்வது அதனால்தான். மேடைக்காகச் சுருக்கும்போது பாம்பின் பதிலை வெட்டிவிடாதீர்கள். அது போனால் வெறும் சங்கிலி விளையாட்டுத்தான் மிஞ்சும்.

கேள்வி: ‘பந்துன்’ என்ற மலாய்ச் செய்யுளின் வரிகளை மொழிபெயர்த்தால் முதல் இரண்டு வரிகள் மற்ற வரிகளோடு ஒட்டவே இல்லையே?

பதில்: ஒட்ட வேண்டிய கட்டாயமில்லை. பந்துன் பெரும்பாலும் நான்கு வரி. வரிக்கு 8 முதல் 12 அசை. 1, 3 வரிகளுக்கும் 2, 4 வரிகளுக்கும் இயைபு. முதல் இரண்டு வரி ‘பெம்பாயாங்’. ஓசைக்குத் தளம் போடுவதே அதன் முதல் வேலை, சிலவற்றில் பொருளையும் குறிப்பாகத் தொடும். சொல்ல வந்தது ‘மக்சூட்’ என்ற பின்னிரண்டு வரிகளில். அங்கிருந்து தொடங்கி மேலே போங்கள்.

அப்புறமும் புரியவில்லையென்றால், வரிக்குப் பின்னால் பழமொழி இருக்கிறதா என்று தேடுங்கள். ‘கெத்தாம்’ (நண்டு) வந்தால், தான் கோணலாக நடந்துகொண்டு குஞ்சுக்கு நேர்நடை கற்பிக்கும் நண்டு நினைவுக்கு வர வேண்டும். ‘பாகார்’ (வேலி) வந்தால், நெல்லைத் தின்ற வேலி. நம் இலக்கணத்தில் இது பிறிதுமொழிதல், அதாவது சொல்ல வந்ததை மறைத்து வேறொன்றைச் சொல்லி உணர்த்துவது. ‘பீலிபெய் சாகாடும்’ குறளில் அரசன் பெயரே வராததுபோல, இங்கும் ஆள் பெயர் வராது.

கேள்வி: ‘டிக்கிர் பாராட்’ என்ற மலாய்க் குழுப்பாட்டில் கிண்டலை எந்தப் பகுதியில் கேட்கலாம்?

பதில்: மலேசியாவின் கிளந்தான் மாநிலத்துக்குரிய இந்தக் கலையில் முதலில் தலைமைப் பாடகரான தோக் ஜுவாரா பாடுவார். அடுத்து வரும் துக்காங் காருட்டைக் கவனியுங்கள். ஊர்நடப்பை அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டுபவர் அவர். ஆவோக்-ஆவோக் குழு கைதட்டி அவர் வரியைத் திருப்பிப் பாடும். அடுத்த வரியை யோசிக்க அவருக்குக் கிடைக்கும் நேரம் அதுதான்.