எஸ்பிரெஸ்ஸோவுக்கு எந்தக் கிரைண்டர்? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு எஸ்பிரெஸ்ஸோவுக்கு (வெந்நீரை அழுத்தத்தில் செலுத்தி இறக்கும் காபி) கொட்டை அரைக்கும் கிரைண்டரைப் பற்றியவை. எத்தனை கிராம் தூள் போட்டீர்கள், கோப்பையில் எத்தனை கிராம் இறங்கியது, எத்தனை விநாடி ஆயிற்று என்ற மூன்றையும் எழுதினால்தான் என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். "காபி சரியாக வரவில்லை" என்று ஒற்றை வரி எழுதியவர்கள் எடை பார்த்துவிட்டு மீண்டும் எழுத வேண்டுகிறேன்.

மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்தால் போதாதா? (அல்சூர் வாசகி)

போதாது. மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டுமே தவிர சீராக அரைக்காது. மாவும் குருணையும் கலந்துதான் வரும்.

பாட்டி காலத்துக் கைமெஷின் ஒன்று இருக்கிறது, மேசை விளிம்பில் திருகி மாட்டுவது. அதைப் பயன்படுத்தலாமா? (மல்லேஸ்வரம் வாசகர்)

ஃபில்டர் காபிக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எஸ்பிரெஸ்ஸோவுக்கு அது ஒத்துவராது. கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். நடுத்தண்டு ஒரு நூலளவாவது ஆடும். தண்டு ஆடினால், சுழலும் பல்லுக்கும் நிலையான பல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். ஃபில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாகத் தானே இறங்குவதால் இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கிக்கொள்ளும். 9 பார் அழுத்தத்தில் வரும் வெந்நீரோ தூள் பருமனாக உள்ள இடத்தைத் தேடிப் பிளந்துகொண்டு ஓடிவிடும். இக்கால நல்ல கைக் கிரைண்டர்களில் தண்டை இரண்டு பேரிங்குகளில் நிறுத்துவது இந்த ஆட்டத்தைத் தவிர்க்கத்தான்.

60 செட்டிங் (அரவையின் பருமனை மாற்றும் படிகள்) உள்ள ஒன்றும் 40 செட்டிங் உள்ள ஒன்றும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைக்கின்றன. 60 உள்ளதை வாங்குவதுதானே நல்லது? (ஒயிட்ஃபீல்டு வாசகர்)

பெட்டியின் மேல் அச்சிட்ட அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. 60 படிகள் இருந்தாலும், பிரெஞ்சு பிரெஸ் முதல் ஃபில்டர் வரை எல்லாவற்றுக்கும் அவற்றைப் பங்கிட்டபின் எஸ்பிரெஸ்ஸோவுக்கு மிஞ்சுவது மூன்றோ நான்கோவாக இருக்கலாம். அந்த மூன்று நான்கில் உங்கள் கொட்டைக்கு ஏற்றது ஒன்று அமையும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நானே இப்படி ஏமாந்திருக்கிறேன். என் முதல் மின் கிரைண்டரில் 18 கிராம் போட்டு 7-ஆம் எண்ணில் அரைத்தால், 36 கிராம் காபி 17 விநாடியில் வெளிறிக் கொட்டியது. 6-க்குத் திருப்பினால் 45 விநாடி ஆகியும் கறுப்பாகச் சொட்டுதான் விழுந்தது. எனக்கு வேண்டிய 25 முதல் 30 விநாடி அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருந்தது, அங்கேயோ நிறுத்த வழி இல்லை. விற்றவரிடம் கேட்டபோது, தூளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு மாதம் அப்படியே சமாளித்துப் பார்த்து, சிக்கமகளூரில் நிழல் மரங்களுக்கடியில் வளர்ந்து, பழம் பழமாகக் கையால் பறிக்கப்பட்ட அராபிகாவைக் கிலோ கணக்கில் பாத்திரம் துலக்கும் தொட்டியில் கொட்டினேன். அந்த வேதனை இன்னும் என் மனத்தில் இருப்பதால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே, ஒரு படி திருப்பினால் பர்களின் (கொட்டையை அரைக்கும் இரண்டு பற்களின்) இடைவெளி எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மாறுகிறது என்று கேளுங்கள். கைக் கிரைண்டர்களில் 1ஸீபிரெஸ்ஸோ ஜே-அல்ட்ராவில் ஒரு கிளிக் சுமார் 8 மைக்ரான், கிங்கிரைண்டர் கே6-இல் 16, கமாண்டான்டே சி40-இல் ஏறத்தாழ 30. எஸ்பிரெஸ்ஸோவுக்கு 20-க்குள் இருப்பது நலம். மின் கிரைண்டரில் பராட்ஸா என்கோர் இஎஸ்பி-க்கு மொத்தம் 40 படிகள்தாம்; ஆனால் முதல் 20 படிகளை எஸ்பிரெஸ்ஸோவுக்கென்றே நெருக்கமாக அமைத்திருக்கிறார்கள். யுரேகா மிக்னான் வகையில் படிகளே இல்லை, குமிழை விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். எந்த மின் கிரைண்டரானாலும் நுண்மைப் பக்கம் திருப்பும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றிருக்கும்போது திருப்பினால் இடையில் சிக்கிய கொட்டைத் துண்டுகள் பர்களை இறுக்கிவிடும்.

அமெரிக்காவிலிருந்து மகன் ஒரு கிரைண்டர் கொண்டுவருகிறான். பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா? (ஜெயநகர் வாசகி)

மாற்றாதீர்கள், மோட்டார் கருகிவிடும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது; ஏசி இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் மெதுவாகவும் அதிகச் சூட்டுடனும் ஓடும். மகனைக் கைக் கிரைண்டராகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இயந்திரத்துக்கு 50,000 ரூபாய் செலவாகிவிட்டது. 4,000 ரூபாய்க்குள் ஒரு கிரைண்டர் சொல்லுங்கள். (இந்திராநகர் வாசகர்)

அந்த விலைக்குள் உங்கள் இயந்திரத்துக்கு ஈடுகொடுக்கும் கிரைண்டர் எதையும் என்னால் மனமறிந்து பரிந்துரைக்க முடியாது. கிரைண்டரை முதலில் முடிவு செய்து, மீதிப் பணத்துக்கு இயந்திரம் பார்த்திருக்க வேண்டும். இயந்திரத்துடன் வந்த இரட்டைச் சுவர் பாஸ்கெட் (தூள் போடும் வடிகிண்ணம்) அரவையின் குறையைப் பெரிதும் மறைக்கும் என்பதால், பணம் சேரும்வரை அதையே பயன்படுத்துங்கள். பிறகு 10,000 முதல் 20,000 ரூபாய்க்குள் ஒரு நல்ல கைக் கிரைண்டர் வாங்கலாம். 18 கிராம் அரைக்க ஒரு நிமிடம் போலக் கை உழைக்க வேண்டியிருக்கும்.

பர்கள் கோனிக்கலா (கூம்பு வடிவம்), ஃபிளாட்டா (தட்டை வடிவம்)? (பெயர் குறிப்பிடாத வாசகர்)

பால் சேர்த்துக் குடிப்பவருக்கு எதுவும் சரி. பாலின்றி, இளவறுவல் அராபிகாவின் பழச்சுவையைத் தனித்தனியாக உணர விரும்புபவர் ஃபிளாட் பக்கம் போகலாம்.

கொட்டையோடு சிக்கரியையும் சேர்த்து அரைக்கலாமா? பர்களைச் சுத்தம் செய்யப் பச்சரிசி போடலாமா? (பசவனகுடி வாசகி)

இரண்டும் கூடாது. சிக்கரி ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் பர்களில் அப்பிக்கொள்ளும். பச்சரிசி காபிக் கொட்டையைவிடக் கடினமானது, மோட்டாரைத் திணறடிக்கும். பர்களைக் கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தாலே போதும்.

போன வாரம்வரை நன்றாக வந்த ஷாட் (ஒருமுறை இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ) இப்போது நீராக ஓடுகிறது. கிரைண்டர் கெட்டுவிட்டதா? (ராஜாஜிநகர் வாசகர்)

எப்போது வறுத்த கொட்டை என்று நீங்கள் எழுதவில்லை, எடையும் எழுதவில்லை. பெரும்பாலும் கிரைண்டர் நன்றாகத்தான் இருக்கும், கொட்டைக்கு வயதாகியிருக்கும். வறுத்த பத்தாம் நாளில் பொருந்திய அரவை, உள்ளே இருந்த வாயு வெளியேறிவிடுவதால், முப்பதாம் நாளில் பொருந்தாது. மோட்டார் ஓடும்போதே ஒரு படி நுண்மையாக்குங்கள், பழைய தூள் வெளியேற மூன்று நான்கு கிராம் அரைத்து ஒதுக்குங்கள், பிறகு எடை பார்த்து ஒரு ஷாட் எடுங்கள். 25 விநாடிக்குள்ளேயே 36 கிராம் இறங்கினால் இன்னும் ஒரு படி.