ரிக்லி ஃபீல்டில் ஆர்கன் வாசிப்பது யார்?

"ஆபீஸ் டீமோடு சிகாகோவின் ரிக்லி ஃபீல்டுக்கு பேஸ்பால் மேட்ச் பார்க்கப் போகிறேன். கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது. நடுநடுவே ஆர்கன் சத்தம் வருகிறதே, அது ரெக்கார்டா? அதைக் கேட்டு எல்லாரும் ஏன் கத்துகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

ரெக்கார்டு இல்லை. ஆர்கன் என்பது கீபோர்டு மாதிரிக் கட்டைகள் கொண்ட வாத்தியம், அதை ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார். பேட்டர் நடந்து வரும்போது ஸ்பீக்கரில் அதிரும் பாட்டுதான் பெரும்பாலும் ரெக்கார்டு. விதிமுறைகளை யூடியூபில் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். முதல் மேட்சில் ஆர்கனைக் காது கொடுத்துக் கேளுங்கள், பாதி ஆட்டம் பிடிபட்டுவிடும். சிகாகோ வந்த புதிதில் எனக்கு ஆட்டம் புரிய ஆரம்பித்ததே அப்படித்தான்.

ரிக்லியின் சொந்த டீமான கப்ஸ் பேட்டிங் செய்யும்போது பேஸில், அதாவது ரன் எடுக்க ஓடும் வழியில் உள்ள நிலைகளில், ஆள் நின்றால், ஆறே சுரத்தில் ஒரு துண்டு வரும். முடிந்த கையோடு கூட்டம் "சார்ஜ்!" என்று கத்தும். ரன் வரும் நேரம் என்று புரிந்துகொள்ளலாம், நீங்களும் கத்தலாம். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், வீசத் தயாரானதும் சத்தம் சட்டென்று நின்றுவிடும். கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு கண்ணை மணமேடை மேலேயே வைத்திருப்பார் இல்லையா, அந்தக் கவனம் இதற்கும் வேண்டும். 2023-ல் பிட்ச் கிளாக் என்ற நேரக்கணக்கு வந்தபின், பேஸில் ஆள் இல்லாதபோது பிட்சர் 15 நொடிக்குள் வீசியாக வேண்டும். அதற்குள் எதை வாசிப்பது என்று யோசித்து, வாசித்து, கையையும் எடுத்துவிட வேண்டும்!

நீங்கள் போகிற மைதானம்தான் இந்த வழக்கம் தொடங்கிய இடம். 1941 ஏப்ரல் 26 அன்று ரே நெல்சன் என்பவர் அங்கே வாசித்தார். மேஜர் லீக் எனும் உச்ச நிலை பேஸ்பால் மைதானத்தில் ஆர்கன் ஒலித்தது அதுதான் முதல்முறை. மறு வருடமே புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில் கிளாடிஸ் குடிங் நிரந்தர வாசிப்பாளராக அமர்ந்தார்.

என் மனதுக்கு நெருக்கமானவர் நான்சி ஃபாஸ்ட். இதே ஊரின் தெற்குப் பக்கத்தில், சிகாகோவின் இன்னொரு டீமான வைட் சாக்ஸுக்கு 1970 முதல் 2010 வரை வாசித்தவர். காதால் கேட்டதைக் கையில் கொண்டுவரும் கேள்வி ஞானம் அவருடையது. வருகிற பேட்டரின் பெயருக்கோ ஊருக்கோ பொருத்தமான பாட்டை எடுத்துவிடுவார். புரிந்தவர்கள் சிரிப்பார்கள், புரியாதவர்கள் பக்கத்து சீட்டில் கேட்பார்கள். எனக்கு அங்கே பேச்சுத்துணை கிடைத்ததே அப்படித்தான். காதைப் பிளக்கும் ரெக்கார்டு பாட்டு நடுவே யாரோடு பேச முடியும்? சில மைதானங்கள் ஆர்கனைக் குறைத்துக்கொண்டே வருவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லாரும் எழுந்து நின்று "டேக் மீ அவுட் டு த பால் கேம்" பாடுவார்கள். 1908-ல் வந்த பாட்டு அது. நான்சி அதை வாசிக்கும்போது வர்ணனையாளர் ஹாரி கேரி தன் அறையில் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருப்பாராம். 1976-ல் வைட் சாக்ஸ் ஓனர் பில் வெக், அவருக்குத் தெரியாமல் மைக்கை ஆன் செய்துவிட்டார். கேரியின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது, கூட்டமும் சேர்ந்துகொண்டது. 1982-ல் அவர் கப்ஸுக்கு மாறியபோது அந்த வழக்கமும் கூடவே ரிக்லிக்கு வந்தது. 1998-ல் அவர் காலமான பிறகு, விருந்தினர்கள் மைக் பிடித்துப் பாடுகிறார்கள். சுருதி தப்பினாலும் யாரும் கண்டுகொள்வதில்லை, ஆர்கன் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பாட்டின் வரிகளை மட்டும் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள், சின்னப் பாட்டுதான். ஹாட் டாக் வாங்குவதாக இருந்தால் ஆறாவது இன்னிங்ஸ் நடக்கும்போதே போய் வாங்கி வந்துவிடுங்கள். ஏழாவதில் வரிசையில் மாட்டிக்கொண்டால் பாட்டைத் தவறவிடுவீர்கள். ரெட் லைன் ரயிலில் அடிசன் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானம் எதிரிலேயே தெரியும். ஆட்டம் தொடங்கும் முன்பே போய் உட்காருங்கள், அப்போதும் ஆர்கன் வாசிப்பு இருக்கும்.