டிராக்கியாஸ்டமி: சளியில் ரத்தம் ஏன்?

கேள்வி: என் 2 வயது மகனுக்கு டிராக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது) செய்து 4 மாதம் ஆகிறது. குழாய் அளவு 4.0. சளி கெட்டியாக இருப்பதால் மணிக்கு ஒருமுறை மெஷினால் அதை உறிஞ்சும் சக்‌ஷன் செய்கிறேன். இப்போது சளியில் ரத்தக் கோடுகள் தெரிகின்றன. குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: சளி உறிஞ்சும் மெல்லிய டியூபான கதீட்டர், கழுத்துக் குழாயைத் தாண்டிப் போய் மூச்சுக்குழலின் சுவரை உரசுவதுதான் பெரும்பாலும் காரணம். குழந்தை இருமும்வரை உள்ளே விடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். கழற்றிய பழைய குழாய் ஒன்றைக் கழுவி (அதே வகை, அதே அளவு) அதில் கதீட்டரை விட்டுப் பாருங்கள். பக்கத் துளைகள் நுனியைக் கடந்ததும் நிறுத்தி, குழாயின் வாயருகே எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்து, மெஷின் மேல் ஒட்டிவையுங்கள். நுனியிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். குழாய் மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.

4.0 குழாய்க்கு 8ஆம் எண் கதீட்டர் போதும். சக்‌ஷன் டியூபின் முனையை விரலால் அடைத்து அழுத்தத்தைப் பாருங்கள். 80 முதல் 100 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கட்டும். கதீட்டரை விரல்களுக்கிடையே உருட்டியபடி 5 விநாடிக்குள் எடுத்துவிடுங்கள்.

கடிகாரம் பார்த்து சக்‌ஷன் வேண்டாம். அடிக்கடி உறிஞ்சினால் எரிச்சலில் சளி கூடத்தான் செய்யும். கரகரப்பு, குழாய் வாயில் நுரை, மூக்கு விரிவது, நெஞ்சு உள்வாங்குவது, ஆக்சிஜன் அளவு இறங்குவது இவைதான் அடையாளம். எழுந்தவுடனும் சாப்பாட்டுக்கு முன்பும் ஒருமுறை செய்யலாம்.

சளி கெட்டியாவது ஈரம் போதாததால். மூக்கு செய்யும் வேலையைச் குழாய் வாயில் மாட்டும் செயற்கை மூக்கு ஃபில்டர் செய்ய வேண்டும். தினமும் மாற்றுங்கள், சளி பட்டால் உடனே. சளி ஊறிய ஃபில்டரே மூச்சை அடைக்கும். தூங்கும்போது காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் நல்லது. ஒவ்வொரு முறையும் சலைன் (உப்புநீர்) ஊற்றுவதால் சளி கரைவதில்லை, வழக்கமாக்க வேண்டாம்.

கதீட்டர் உள்ளே போகவில்லை, குழந்தை திணறுகிறது என்றால் அது அடைப்பு. கழுத்தில் கட்டிய நாடாவை வெட்டிக் குழாயை உருவுங்கள். அடைத்த குழாய் உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதே மேல். புது 4.0 போடுங்கள்; நுழையாவிட்டால் 3.5. அதுவும் நுழையாவிட்டால், 3.5 குழாய்க்குள் கதீட்டரைக் கோத்து, கதீட்டரை முதலில் துளைக்குள் விட்டு, அதன்மேல் குழாயைத் தள்ளுங்கள். மூச்சில்லை என்றால் குழாய் வழியே அம்பு பையால் (கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை) 5 முறை மூச்சு கொடுங்கள். இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். இரண்டு குழாய்கள், கத்தரிக்கோல், நாடா, கதீட்டர், அம்பு பை எல்லாம் ஒரே பையில், குழந்தை போகும் இடமெல்லாம் கூடவே போக வேண்டும். அவனால் சத்தமாக அழ முடியாது என்பதால் அடுத்த அறையில் கூடத் தனியாக விடாதீர்கள்.

ஆழத்தைச் சரிசெய்த பிறகும் 2 நாளில் ரத்தக் கோடு நிற்காவிட்டாலோ, காய்ச்சலுடன் சளி பச்சையாகி நாற்றமடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். செக்கச்சிவந்த புது ரத்தம் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.