ஏஜென்ட் கிடைக்காத ஓஎஸ்ஸில் தொடர் பேக்கப்: கேள்வி பதில்

பேக்கப் நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத, அவர்களின் ஏஜென்ட் (ஃபைல்களைக் கவனித்து பேக்கப்புக்கு அனுப்பும் மென்பொருள்) கிடைக்காத ஓஎஸ்களில் டேட்டாவை விடாமல் பேக்கப் எடுப்பது எப்படி என்று நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: சார், ஃப்ரீபிஎஸ்டி சர்வர் வைத்திருக்கிறேன். ஃபைலை சேவ் பண்ணியதுமே தானாக பேக்கப் போகிற மாதிரி ஒரு மென்பொருளும் அகப்படவில்லை. ஏன் யாருமே செய்து தர மாட்டேன் என்கிறார்கள்?

பதில்: ஆள் குறைவு என்பது பாதிக் காரணம். மீதி ஓஎஸ்ஸின் மையமான கெர்னலில் இருக்கிறது. லினக்ஸின் ஐநோட்டிஃபையிடம் ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், அதில் எந்த ஃபைல் மாறினாலும் சொல்லிவிடும். பிஎஸ்டிகளில் அந்த வேலையைச் செய்யும் கேக்யூ அப்படியில்லை. கவனிக்க வேண்டிய ஒவ்வொரு ஃபைலையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். 2 லட்சம் ஃபைல் என்றால் 2 லட்சம் டிஸ்கிரிப்டர், அதாவது திறந்த ஃபைலுக்கு ஓஎஸ் தரும் எண். எந்த ஏஜென்ட் தாங்கும்? ஃப்ரீபிஎஸ்டி 15-இல் ஐநோட்டிஃபை வந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு அது தேவையா என்பதே சந்தேகம்.

எத்தனை நிமிட வேலை போனால் தாங்குவீர்கள்? ஒரு நிமிடம் என்றால் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போதும். ஆர்சிங்க், ரெஸ்டிக் போன்ற நகலெடுக்கும் மென்பொருள்கள் எது மாறியது என்று தெரிந்துகொள்ள ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்க வேண்டும். இசட்எஃப்எஸ்ஸிலோ ஒவ்வொரு பிளாக்கும் எந்த டிரான்சாக்ஷனில் பிறந்தது என்ற எண் பதிவாகியிருக்கும். போன ஸ்னாப்ஷாட்டுக்கு (அந்த நொடியின் நிலையை உறைய வைத்த பதிவு) பிறகு பிறந்தவற்றை மட்டும் பொறுக்கி அடுத்த மெஷினுக்கு அனுப்பிவிடும். நிமிடத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் வைத்தாலும் மெஷின் முனகாது. இதை முறைப்படுத்த இசட்ரெப்பிள் என்ற மென்பொருள் இருக்கிறது. சனாய்டு, சிங்காய்டு ஜோடியும் நல்லதே.

ஒன்று மட்டும் கவனம். பழைய ஸ்னாப்ஷாட்டுகளைக் கழிக்க நானே எழுதிய ஸ்கிரிப்ட், இரு மெஷின்களுக்கும் பொதுவாக இருந்த கடைசி ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்துக் கழித்துவிட்டது. மொத்த டேட்டாவையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று. அனுப்பும் பக்கத்தில் ஒரு புக்மார்க் (ஸ்னாப்ஷாட் எந்த இடத்தில் நின்றது என்ற குறிப்பு மட்டும்) போட்டு வைத்திருந்தால், அங்கே ஸ்னாப்ஷாட் போயிருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். அதற்குப் பிறகு புக்மார்க் போடாமல் நான் எதையும் அழிப்பதில்லை.

கேள்வி: என்னிடம் ஓபன்பிஎஸ்டி. இசட்எஃப்எஸ் இல்லையே, என்ன செய்ய?

பதில்: ஸ்னாப்ஷாட்டும் இல்லை. பேக்கேஜில் ரெஸ்டிக் இருக்கிறது. குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரானில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்கினால் வம்பு. அதற்கு ஓபன்பிஎஸ்டி கிரான்டேபில் (கிரானின் பட்டியலில்) கட்டளைக்கு முன்னால் சிறிய 'எஸ்' கொடி (-s) போட்டால் ஒரு சமயத்தில் ஒன்றுதான் ஓடும். ஓபன்பிஎஸ்டியின் ஆல்ட்ரூட் வசதியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது ரூட் பார்ட்டிஷனை மட்டும் நகலெடுக்கும், ஹோம் பக்கம் போகாது.

கேள்வி: மெஷின்களுக்கிடையே ஃபைல்களை ஒத்திசைக்கும் சிங்க்திங் போட்டிருக்கிறேன், அதுவே போதும்தானே அண்ணா?

பதில்: போதாது தம்பி. நீங்கள் தவறி அழித்தால் அங்கேயும் அழியும். வாங்கும் மெஷினில் ஃபைல் வெர்ஷனிங்கை (பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி) ஆன் செய்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

கேள்வி: ஹைக்கூ ஓஎஸ்ஸில் ஆர்சிங்க் வைத்து பேக்கப் எடுத்தேன். திரும்ப வைத்தபோது கான்டாக்ட் ஃபைல்கள் எல்லாம் 0 பைட்!

பதில்: அவை முதலிலிருந்தே 0 பைட்தான்! ஹைக்கூவில் ஒரு நபரின் பெயர், போன், மெயில் எல்லாம் ஃபைலுக்குள் இருப்பதில்லை, அட்ரிபியூட்டாக அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் ஆர்சிங்க் அட்ரிபியூட்டைத் தொடாது. நீங்கள் எடுத்து வைத்தது வெறும் உறை. ஹைக்கூவோடு வரும் ஜிப் அட்ரிபியூட்டையும் சேர்த்துக் கட்டும், அதைப் பயன்படுத்துங்கள். சிஸ்டம் ஃபைல்கள் பேக்கேஜிலிருந்து படிக்க மட்டும் மவுன்ட் ஆகின்றன, எப்போது வேண்டுமானாலும் மறுபடி நிறுவலாம். ஹோம் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: நிஜமாகவே தொடர் பேக்கப் என்று சொல்லத்தக்க ஓஎஸ் எதுவும் கிடையாதா?

பதில்: டிராகன்ஃப்ளை பிஎஸ்டியின் ஹேமர் ஃபைல் சிஸ்டம் நெருங்கி வந்தது. நீங்கள் ஸ்னாப்ஷாட் எடுக்காவிட்டாலும் அரை நிமிடம், ஒரு நிமிட இடைவெளியில் பழைய நிலைகளைத் தானே வைத்திருக்கும். 'அன்டூ' என்று ஒரு கட்டளையே உண்டு. மிரர்-ஸ்ட்ரீம் கட்டளையை ஓட விட்டால் மாற்றங்கள் அடுத்த மெஷினுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் வந்த ஹேமர்2-வில் இந்த நுணுக்க வரலாறு இல்லை, ஸ்னாப்ஷாட்தான். எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல்.

உங்கள் முக்கிய டேட்டா போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருந்தால் ஓஎஸ்ஸைப் பற்றிய கவலையே விடுங்கள். ஒரு பேஸ் பேக்கப் (முழு நகல்) எடுத்துவிட்டு, வேறு மெஷினிலிருந்து வால் லாகை (மாற்றங்களை வரிசையாகப் பதியும் பதிவேடு) ஸ்ட்ரீமாக வாங்கிக்கொண்டிருந்தால் வேண்டிய நேரத்துக்குத் திரும்பலாம்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் சார். சர்வருக்குள் எவனாவது புகுந்துவிட்டால் பேக்கப்பையும் அழித்துவிட மாட்டானா?

பதில்: சர்வரிலிருந்து தள்ளினால் அழிப்பான். பேக்கப் மெஷின் வந்து இழுத்துக்கொள்ளட்டும். சர்வரில் அதற்கென ஒரு யூசர், இசட்எஃப்எஸ் அலோவ் கட்டளை மூலம் அவருக்கு சென்ட் (அனுப்பும்) உரிமை மட்டும். ரூட் வேண்டாம். பேக்கப் மெஷினின் சாவி எதுவும் சர்வரில் இருக்கக் கூடாது.