பக்கத்து சீட்டிலிருந்து வந்த குரல்

அன்புள்ள ஐயா,

2010 மங்களூர் விமான விபத்தைப் பற்றி நண்பர்களுக்குள் பெரிய சண்டை. விசாரணை அறிக்கை கேப்டன் தலையில் பழியைக் கட்டிவிட்டது. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறார்? மேட்டு ரன்வே, ஓடாத ரேடார் இதையெல்லாம் விட்டுவிட்டு பைலட்டை மட்டும் பிடிப்பது நியாயமா? கோ-பைலட்டும் வேடிக்கைதானே பார்த்தார்?
ரா.

அன்புள்ள ரா.,

செத்தவருக்காகப் பேச ஒருவராவது இருப்பது நல்லதுதான். ஆனால் உங்கள் கடைசி வரியை என்னால் விழுங்க முடியவில்லை. அறிக்கையைப் புரட்டியாவது பார்த்தீர்களா?

ரேடார் பழுதானது உண்மை. அதனால் இறக்கம் தாமதமாகத் தொடங்கியதும் உண்மை. விபத்துக்கு அது போதாது. ரன்வே 2,450 மீட்டர். விபத்தான போயிங் 737-800 ரகத்துக்குத் தாராளம். அந்தப் பேச்சை விடுங்கள்.

கேப்டன் 1 மணி 40 நிமிடம் தூங்கியிருக்கிறார், குறட்டையே பதிவாகியிருக்கிறது. விடியற்காலை ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவனுக்கு மூளை உடனே தெளியாது. அதற்காக அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனி கோ-பைலட். விமானம் இருக்க வேண்டிய உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் வருகிறது. கேப்டன் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு மூக்கைக் கவிழ்க்கிறார். நிமிடத்துக்கு 1,000 அடிக்குள் இருக்க வேண்டிய இறக்கம் 4,000 அடியை நெருங்குகிறது. "சிங்க் ரேட்" (வேகமாக இறங்குகிறாய்), "புல் அப்" (மேலே தூக்கு) என்று எச்சரிக்கை இயந்திரமே கத்துகிறது. கோ-பைலட் 'கோ அரவுண்ட்' என்கிறார், அதாவது இறங்காதே, மேலேறிச் சுற்றி வந்து மறுபடி முயற்சி செய் என்று. முதல் தடவை அது கேள்வியாக வருகிறது: "கோ அரவுண்ட்?" யார் மேல், யார் கீழ் என்ற காக்பிட்டின் ஏணிப்படி முழுவதும் அந்தக் கேள்விக்குறியில்தான் இருக்கிறது. அடுத்த தடவை 'அன்ஸ்டெபிலைஸ்டு', இறக்கம் நிலையாக இல்லை என்று காரணத்தோடு சொல்கிறார். தரை தொட்ட பிறகும் ஒரு தடவை சொல்கிறார், ரன்வே மிச்சமில்லை என்கிறார். இதுவா வேடிக்கை?

அவர் ஏன் கன்ட்ரோலைப் பிடுங்கவில்லை என்பீர்கள். தரைக்குச் சில நூறு அடி மேலே இரண்டு பேர் கன்ட்ரோலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அது இன்னொரு விபத்து. அதனால்தான் சொல்கிறேன், விதி கேப்டனைத்தான் கட்ட வேண்டும். யார் 'கோ அரவுண்ட்' என்றாலும் அந்த நொடியே எஞ்சினுக்கு முழு வேகம் கொடுக்கும் டோகா பட்டன், இறக்கையின் ஃப்ளாப் மடிப்பு 15க்கு, ஏறத் தொடங்கியதும் சக்கரம் உள்ளே. வாக்குவாதத்தைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். சுற்றி வந்ததற்கு விளக்கக் கடிதம் கேட்கும் கம்பெனி எதுவானாலும், அடுத்த கேப்டனை எப்படியாவது இறக்கு என்று பழக்குகிறது.

அன்றைய கேப்டன் கேட்கவில்லை. 8,033 அடி ரன்வேயில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் பட்டது. அப்போதும் எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகம் குறைக்கும் ரிவர்ஸரோடு பிரேக்கை முழுக்க மிதித்திருந்தால் நின்றிருக்கும் என்கிறது அறிக்கை. ரிவர்ஸரை இழுத்துவிட்டால் நிறுத்தியே ஆக வேண்டும், அது மூடி எஞ்சின் மறுபடி வேகம் பிடிக்க நொடிகள் பிடிக்கும். அவர் ரிவர்ஸரை இழுத்த பிறகு மறுபடி ஏறப் பார்த்தார். வலது இறக்கை ரன்வேக்கு அப்பால், இறங்கும் விமானத்துக்கு ரன்வேயின் நேர்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் ஆன்டெனாவின் கான்கிரீட் மேடையில் மோத, விமானம் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் போனார்கள். அன்று காலை மழையும் இல்லை, காற்றும் இல்லை.