4.5, 6.2, 10.7 செ.மீ. அளவுகளில் முக்கோணம் அமையுமா? மகன் வரைந்தால் மெலிசாக ஒன்று வருகிறது, ஆசிரியை அமையாது என்கிறார். மூன்று முறை கூட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா?

ஆசிரியை சொல்வதுதான் சரி. 4.5-ஐயும் 6.2-ஐயும் கூட்டினால் 10.7. மூன்றாவது பக்கமும் அதே 10.7. சிறிய பக்கங்கள் இரண்டையும் சேர்த்தால் பெரியதைவிடக் கூடுதலாக வர வேண்டும். சமமாக வந்தால் இரண்டும் பெரியதன் மேலேயே படுத்துக்கொள்ளும், முக்கோணம் இருக்காது.

மூன்று கூட்டல் வேண்டாம், ஒன்று போதும். 10.7-தான் பெரியது என்று தெரிந்த பிறகு அதோடு எதைச் சேர்த்தாலும் மீதிப் பக்கத்தைத் தாண்டிவிடும். அதைச் சோதிப்பதில் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. பெரியதைத் தனியே எடுத்து வையுங்கள், மற்ற இரண்டையும் கூட்டுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் மகன் தாளில் ஒரு முக்கோணத்தைப் பார்த்திருக்கிறான். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குச் சொல்லாமல் விட்டால் விதியை மனப்பாடம்தான் செய்வான்.

நான் சேலத்தில், சூரமங்கலம் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஏற்காட்டில் ஒரு வீட்டு முன்பக்கத்துக்கு ஷீட் கூரை. நாலு ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம். அதன் கீழ் ஆங்கிள் (L வடிவ இரும்புச் சட்டம்) 12 அடி, அதன் மேல் இரண்டு சாய்வு ஆங்கிள். சாய்வு ஆங்கிளை வெட்டும் பொறுப்பைப் பெரியப்பா என்னிடம் விட்டிருந்தார். பன்னிரண்டில் பாதி ஆறு என்று எட்டுத் துண்டையும் ஆறடியில் வெட்டிவிட்டேன். மறுநாள் சின்ன யானையில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவு இருபதையும் தாண்டி மேலே போய் இறக்கினோம்.

தரையில் 12 அடி ஆங்கிளைப் போட்டு, இரண்டு முனையிலிருந்தும் ஆறடித் துண்டுகளை வைத்தேன். நுனியும் நுனியும் நட்டநடுவில், கீழ் ஆங்கிள் மேலேயே முட்டி நின்றன. கொஞ்சம் தூக்கினால் இரண்டுக்கும் நடுவே வாய் பிளந்தது. எவ்வளவு தூக்குகிறேனோ அவ்வளவு விலகியது.

பெரியப்பா திட்டவில்லை. "ஆறும் ஆறும் எத்தனை கண்ணு?" என்றார்.

"பன்னெண்டு பெரியப்பா."

"கீழ எத்தனை கிடக்குது?"

பிறகு சாக்பீஸை எடுத்து சிமெண்டுத் தரையிலேயே கணக்குப் போட்டார். நடு உயரம் இரண்டரை அடி வேண்டும். ஆறை ஆறால் பெருக்கினால் 36, இரண்டரையை இரண்டரையால் பெருக்கினால் 6.25, மொத்தம் 42.25. அது ஆறரையின் வர்க்கம். சாய்வு ஆறரை அடி வெட்டியிருக்க வேண்டும். மலை இறங்கி வந்து எட்டுத் துண்டையும் புதிதாக வெட்டினோம்.

அன்று பட்டறையில் ஒரு சந்தேகம் வந்தது. ஆறடிக்கு மேல் ஒரே ஒரு அங்குலம் கூட்டி வெட்டியிருந்தால்? ஆறடி என்றால் 72 அங்குலம், ஒன்று கூடினால் 73. 73-இன் வர்க்கத்திலிருந்து 72-இன் வர்க்கத்தைக் கழித்தால் 145, அதன் வர்க்கமூலம் 12 அங்குலத்துக்குச் சற்று மேல். பக்கத்துக்கு ஒரு அங்குலம் கூடினால் நடுவில் ஒரு அடி எழும்புகிறது! இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். 3 மி.மீ. கூடினாலே, அதாவது கட்டிங் வீல் ஒரு வெட்டுக்குத் தின்னும் அளவு கூடினாலே, 10 செ.மீ. உயரம் வந்துவிடும். அதே 3 மி.மீ. குறைந்தால் நுனிகள் சேரவே சேராது.

உங்கள் மகன் தாளில் நடந்ததும் இதுதான். பென்சில் முனையின் தடிமன், காம்பஸ் விரிப்பில் ஒரு சின்னப் பிசகு, இரண்டும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் கூடியிருந்தாலே அந்த அளவுகளுக்கு 5 மி.மீ. உயரத்தில் ஒரு முக்கோணம் தெரியும். கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும். அவன் கையும் கண்ணும் பொய் சொல்லவில்லை. சமத்துக்குப் பக்கத்தில் போகும்போது வரைபடத்தை நம்பக் கூடாது, கூட்டலைத்தான் நம்ப வேண்டும்.

இது பழைய விதி. பழங்கால கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிய 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் பகுதியில் 20-ஆவது தேற்றம். வைக்கோலைப் பார்த்த கழுதை நேராகத்தான் போகும், சுற்றிப் போகாது, கழுதைக்கே தெரிந்ததை எதற்கு நிரூபிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எப்பிக்கூரஸ் என்ற கிரேக்கத் தத்துவ ஞானியைப் பின்பற்றியவர்கள் கேட்டதாக, யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் 5-ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். தெரிவது வேறு, ஏன் என்று காரணம் சொல்வது வேறு என்பது அவர் பதில். எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. மலையில் ரோட்டைச் சுற்றாமல் ஒற்றையடிப் பாதையில் குறுக்கே ஏறுகிறவர்களுக்கும் இந்த விதி காலுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் ஆறடி வெட்டினேன்.

பரீட்சையில் இதைத் திருப்பியும் கேட்பார்கள்: இரண்டு பக்கம் 7, 10 என்றால் மூன்றாவது எவ்வளவு இருக்கலாம்? கழித்தால் 3, கூட்டினால் 17. இரண்டுக்கும் நடுவே எதுவும் இருக்கலாம், 3-உம் 17-உம் ஆகாது. முழு எண்ணாகக் கேட்டால் 4 முதல் 16 வரை.

மகனை ஒரே தாளில் மூன்று படம் வரையச் சொல்லுங்கள். 4.5-உம் 6.2-உம் அப்படியே இருக்கட்டும், அடிப்பக்கம் மட்டும் 10.6, 10.7, 10.8. பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளட்டும். 10.6-இல் 7 மி.மீ. உயரத்தில் நிஜ முக்கோணம் வரும். 10.8-இல் வில்கள் சேராது. நடுவில் உள்ளது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும்.