கருவி இல்லாமல் பூட்டிக் கழற்றும் இரும்புக் கட்டில்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். வீடு மாறும்போதெல்லாம் கட்டிலின் நட்டு, போல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் ஓரிரு போல்ட் தொலைந்தும் விடுகிறது. தெரிந்த வெல்டிங் பட்டறையில் புதிதாக ஒரு கட்டில் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். ஸ்பேனர் எதுவும் இல்லாமல் கையாலேயே பூட்டும்படி மூலை இணைப்பை எப்படி அமைப்பது? (வாசகர், திருப்பூர்)

பதில்: தாராளமாக அமைக்கலாம். இணைப்பை இறுக்கிப் பிடிக்கும் வேலையைப் போல்ட் செய்யாதபோது, அதைப் படுப்பவரின் எடை செய்ய வேண்டும். கருவியில்லாக் கட்டிலுக்கு இதுவே அடிப்படை விதி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து பெருமளவில் வெளிவந்த இரும்புக் கட்டில்களில் இந்த விதி தெளிவாகக் கையாளப்பட்டிருந்தது. பக்கச் சட்டத்தின் முனையில், கீழ்நோக்கிக் குறுகும் ஆப்பு வடிவ வார்ப்பிரும்புத் துண்டு ஒன்று இருக்கும். மூலைக்காலில் அதற்கு இணையாக வார்க்கப்பட்ட குழிக்குள் அதை மேலிருந்து இறக்கினால் போதும். ஆள் படுக்கப் படுக்க ஆப்பு இன்னும் ஆழமாக உட்காரும்.

இன்றைய பட்டறையில் வார்ப்புக்கு வழியில்லை. ஆனால் தகட்டை லேசரில் வெட்டித் தருபவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பக்கச் சட்டத்தின் முனையில் 4 மி.மீ. தகட்டால் ஆன, கீழ்நோக்கிய இரண்டு கொக்கிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வெல்டிங் செய்யுங்கள். தலைமாட்டுக் காலில் அவை நுழைவதற்கான நீள்துளைகளை வெட்டுங்கள். நீள்துளையை 1.6 மி.மீ. பைப்பின் சுவரில் மட்டும் வெட்டி விட்டால் சில மாதங்களிலேயே அதன் விளிம்பு நசுங்கி ஆட்டம் கொடுக்கும். ஆகவே பைப்பின் மேல் இன்னொரு 4 மி.மீ. தகட்டை வைத்து வெல்டிங் செய்து, இரண்டுக்கும் சேர்த்துத் துளை வெட்டுவதே நல்லது.

கொக்கியின் உள்விளிம்பு நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் சட்டத்தைக் காலோடு இழுத்துப் பிடிக்கிறது. சாய்வு மிகக் குறைவாக இருந்தால் இணைப்பு ஆணி அடித்ததுபோல் இறுகிவிடும். பிறகு கழற்றச் சுத்தியல் தேடவேண்டியிருக்கும். சாய்வு மிக அதிகமானால் இணைப்பு தானாகவே நழுவி மேலேறும். இரும்போடு இரும்பு உரசும்போது உள்ள உராய்வைக் கணக்கிட்டால், 7 அல்லது 8 பாகைக்கு அருகில் வைப்பது பொருத்தமாக இருக்கும்: எடை இருக்கும்வரை பிடித்துக்கொள்ளும், உள்ளங்கையால் கீழிருந்து ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும்.

பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டிய ஒன்று, பவுடர் கோட்டிங்கின் (வண்ணப் பொடியைத் தூவி, அடுப்பில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சின்) தடிமன். அந்தப் பூச்சு பொதுவாக ஒரு பரப்புக்கு 60 முதல் 80 மைக்ரான் வரை ஏறும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). கொக்கியின் இரு முகங்களும் நீள்துளையின் இரு சுவர்களும் சேர்ந்தால் நான்கு பரப்புகள். அதாவது ஏறத்தாழ கால் மி.மீ. இடத்தைப் பூச்சு மட்டுமே தின்றுவிடும். 4 மி.மீ. கொக்கிக்கு 4.1 மி.மீ. துளை வெட்டினால், பூச்சுக்கு முன் அழகாக நுழைந்த கொக்கி பூச்சுக்குப் பின் நுழையவே நுழையாது. துளையை 4.5 மி.மீ. அளவில் வெட்டச் சொல்லுங்கள்.

இரண்டு கொக்கிகளுக்கும் இடையிலுள்ள உயரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கட்டிலைப் பக்கவாட்டில் தள்ளும்போதும் உட்கார்ந்தபடி நகரும்போதும் ஏற்படும் முறுக்கு விசையை அந்த இடைவெளிதான் தாங்குகிறது. இடைவெளியை 50 மி.மீட்டரிலிருந்து 100 மி.மீட்டராக்கினால் ஒவ்வொரு கொக்கியிலும் விழும் விசை பாதியாகக் குறையும்.

எடை இறுக்கும் இணைப்புக்கு ஒரு குறையும் உண்டு: எடை இல்லாத நேரத்தில் அது கழன்றுகொள்ளும். தரையைப் பெருக்குவதற்காக யாராவது பக்கச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினால் கொக்கி வெளியே வந்துவிடலாம். ஆகவே மூலைக்கு ஒன்றாக, கொக்கி மேலேறாமல் தடுக்கும் சிறு ஸ்பிரிங் தாழ்ப்பாள் கட்டாயம் வேண்டும். அது எடை தாங்கவேண்டியதில்லை. கட்டைவிரலால் அழுத்தித் திறக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

கேள்வி: இப்போது 4 அடி அகல மெத்தை இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு 5 அடி மெத்தை வாங்க எண்ணம். கட்டிலின் அகலத்தைப் பைப்புக்குள் பைப் நுழைத்துக் கூட்டிக் குறைக்கலாம் என்கிறார்கள். நடுவில் தொய்ந்துவிடாதா? (வாசகி, சேலம்)

பதில்: நடுவில் கால் இல்லாவிட்டால் நிச்சயம் தொய்யும். எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 40க்கு 40 மி.மீ. சதுர பைப், 16 கேஜ் என்று கடையில் கேட்டால் கிடைப்பது 1.6 மி.மீ. சுவர் கொண்டது. அதை 5 அடிக்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்குக் குறுக்கே போட்டு நடுவில் 100 கிலோ வைத்தால், ஒரே துண்டாக இருக்கும் பைப்பே 6 மி.மீ. அளவுக்கு வளையும். நடுவில் ஒரு கால் கொடுத்து நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகி, ஒரு மி.மீட்டருக்கும் கீழே போய்விடும்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பைப்பில் இந்த வளைவோடு இன்னொரு தொய்வும் சேர்கிறது. மேற்சொன்ன பைப்பின் உள் அளவு 36.8 மி.மீ.; அதற்குள் 35 மி.மீ. பைப்பை விட்டால் 1.8 மி.மீ. இடைவெளி மிஞ்சும். இரண்டும் 200 மி.மீ. நீளத்துக்கு ஒன்றுக்குள் ஒன்று இருந்தாலும், அந்த இடைவெளியால் உண்டாகும் சரிவு 600 மி.மீ. தள்ளி 5 மி.மீட்டருக்கு மேற்பட்ட இறக்கமாகத் தெரியும். இதைத் தடிமனான பைப் போட்டுச் சரிசெய்ய முடியாது. இடைவெளியைத்தான் அடைக்க வேண்டும். உள்பைப்பின் முனையிலும் வெளிப்பைப்பின் வாயிலும் நைலான் புஷ் (இடைவெளியை நிரப்பும் உறை) பொருத்துவது எளிய வழி. பவுடர் கோட்டிங் அடுப்பின் வெப்பம் ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வரை இருக்கும் என்பதால், நைலானைப் பூச்சு முடிந்த பிறகே பொருத்த வேண்டும்.

பைப் வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். தகட்டை வளைத்து, விளிம்புகளை ஒட்டிச் செய்யும் பைப்பில் வெல்டிங் வரி உள்பக்கம் வரம்புபோல் நீண்டு நிற்கும். வெளியே அதைச் சீவிவிடுவார்கள். உள்ளே பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அந்த வரம்பு இருந்தால் உள்பைப் நேராக நுழையாது.

இந்தக் கட்டிலுக்கு நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது: தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை நடுவில் ஒரு நீளச் சட்டம், அதற்கு இரண்டு அல்லது மூன்று கால்கள். மெத்தையைத் தாங்கும் குறுக்குப் பட்டைகளை இடப்பக்கச் சட்டத்திலிருந்து பாதியும் வலப்பக்கச் சட்டத்திலிருந்து பாதியுமாக நீட்டி, நடுச்சட்டத்தின் மேல் கோத்த கைவிரல்களைப் போல மாறி மாறிப் படியவிடுங்கள். அகலத்தைக் கூட்டும்போது பட்டைகள் விலகுமே தவிர நடுச்சட்டத்தை விட்டு இறங்காது. அதற்கேற்ப ஒவ்வொரு பட்டையும் 5 அடி அகலத்திலும் நடுச்சட்டத்தைத் தாண்டி ஒரு சாணாவது நீளும்படி வெட்ட வேண்டும். ஃபோம் மெத்தையாக இருந்தால் பட்டைகளுக்கு இடையே 3 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். எடை முழுவதையும் நடுச்சட்டமும் பக்கச் சட்டங்களும் வாங்கிக்கொள்வதால், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நகரும் பைப்புக்கு அகலத்தை நிறுத்திவைக்கும் வேலை மட்டுமே மிஞ்சும்.

விரும்பிய எந்த அகலத்திலும் நிற்கும்படி திருகு வைப்பதில் பயனில்லை. மெத்தைகள் பெரும்பாலும் 36, 48, 60, 72 அங்குலம் போன்ற குறிப்பிட்ட அகலங்களில் விற்கின்றன. 48க்கு ஒரு துளை, 60க்கு ஒரு துளை, அவற்றில் செருகும் ஒரு முள் என்று இருந்தால் போதும். முள்ளைச் சிறு சங்கிலியால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள்; இல்லையென்றால் அதுவும் போல்ட்டைப் போலத் தொலைந்துபோகும்.

கேள்வி: பக்கச் சட்டத்துக்கும் அதே சதுர பைப் போதுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: 60க்கு 40 மி.மீ. பைப்பை நிமிர்த்திப் போடுங்கள். 40க்கு 40 பைப்பைவிட அதன் எடை கால் பங்கு மட்டுமே கூடுதல். வளையாமல் நிற்கும் திறனோ இரண்டரை மடங்கு. பட்டறையில் தெரியாமல் அதைப் படுக்கைவாட்டில் வெல்டிங் செய்துவிட்டால் அந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பதால், வரைபடத்தில் நிமிர்ந்த நிலையைக் குறித்துக் கொடுங்கள்.

கேள்வி: கொக்கி மாட்டும் கட்டில் ஒன்று வாங்கினோம். முதலில் நன்றாக இருந்தது. இப்போது புரண்டு படுத்தாலே கிறீச்சென்று சத்தம் வருகிறது. எண்ணெய் விடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: எண்ணெய் வேண்டாம். ஓரிரு வாரம் சத்தம் அடங்கும்; பிறகு தூசியும் பஞ்சும் ஒட்டிக் கருப்பாகி மெத்தைத் துணியில் கறை படும்.

முதலில் தரையைப் பாருங்கள். ஒரு கால் தரையைத் தொடாமல் இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் சட்டம் முழுவதும் முறுக்கி நிமிரும். அப்போது எல்லா மூலைகளும் சேர்ந்து உரசும். கட்டிலில் யாரும் இல்லாதபோது ஒவ்வொரு காலுக்கடியிலும் தாள் ஒன்றைச் செருகிப் பாருங்கள். எந்தக் காலில் எளிதாக நுழைகிறதோ அதுதான் தூக்கி நிற்கும் கால். கையால் சுற்றி உயர்த்தும் பிளாஸ்டிக் பாதம் பொருத்தி அதைச் சரிசெய்துவிட்டாலே பல கட்டில்களில் சத்தம் நின்றுவிடும்.

அதன் பிறகும் சத்தம் வந்தால், ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாக அழுத்தி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கொக்கித் தகடும் காலும் முகத்தோடு முகம் உரசும் இடத்தில் ஒரு மி.மீ. நைலான் தகடு வைப்பது நிலைத்த தீர்வு. மெத்தையைத் தாங்கும் குறுக்குப் பட்டைகளுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை ஒட்டலாம். துணியை ஒட்டினால் சீக்கிரம் நைந்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு வலி. அவருக்கு உயரமாகவும், குழந்தைகள் வரும்போது தாழ்வாகவும் மாற்றக்கூடிய கால்கள் வேண்டும். நடப்பதற்கு உதவும் வாக்கரில் இருப்பதுபோன்ற ஸ்பிரிங் பட்டன் கட்டிலுக்குத் தாங்குமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: தாங்கும் வலு ஒருபுறம் இருக்க, பட்டனை நம்பி எடையை ஏற்றுவதே எனக்கு உடன்பாடில்லை. 8 மி.மீ. இரும்பு முள் ஒன்று 1.6 மி.மீ. பைப்பின் இரு சுவர்களிலும் நின்றால், கணக்குப்படி அரை டன்னுக்கு மேல் ஏற்றினால்தான் துளை நசுங்கத் தொடங்கும். ஆனால் கட்டில் கால் அசையாமல் நிற்பதில்லை; ஒருவர் எழும்போதும் உட்காரும்போதும் அது ஆடும், அந்த ஆட்டத்தில் துளை மெல்ல நீள்வட்டமாகும். தகட்டை மடித்துச் செய்த ஸ்பிரிங் பட்டன் முள்ளைவிட மெல்லியது.

இதைவிட நல்ல வழி இருக்கிறது. உள்கால் தரையிலும் வெளிக்கால் சட்டத்திலும் இருக்கட்டும். உள்காலின் அடியில் ஒரு தகட்டுப் பாதம் வெல்டிங் செய்து, வெளிக்கால் பைப்பிலிருந்தே 2 அங்குலத் துண்டுகளாக வெட்டிய வளையங்களை உள்காலில் கோத்துவிடுங்கள். வெளிக்கால் வளையத்தின் மேலும், வளையம் பாதத்தின் மேலுமாக உட்காரும். எடை இரும்பிலிருந்து இரும்புக்கு நேராக இறங்கும். பட்டன், கட்டிலைத் தூக்கும்போது உள்கால் கழன்று விழாமல் பிடித்தால் போதும். வளையங்களைக் கூட்டினால் உயரம் கூடும், எடுத்தால் குறையும். நான்கு மூலைகளில் மாற்றிவிட்டு நடுச்சட்டத்தின் கால்களை மறந்துவிடாதீர்கள். அவை அந்தரத்தில் தொங்கினால் முன்பு சொன்ன தொய்வு முழுவதும் திரும்ப வந்துவிடும்.

உயரத்துக்கு அம்மாவையே அளவெடுங்கள். நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அவர் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்த நிலையில், மெத்தை அமுங்கிய பிறகு, இருக்கும் உயரம் அந்த அளவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் எழுவது எளிது. பாதம் இரண்டும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். தொங்கினால் உயரம் அதிகம் என்று பொருள். உயரத்தை மாற்றும்போது கட்டிலில் யாரும் இருக்கக் கூடாது.

கேள்வி: எடை குறையும் என்று அலுமினியத்தில் செய்யலாமா? (வாசகர், கோவை)

பதில்: அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அதே அளவு பைப்பைப் போட்டால் மூன்று மடங்கு வளையும். ஈடுகட்டப் பெரிய பைப் வாங்க வேண்டும். அதோடு, பதப்படுத்திய அலுமினியம் வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி வலுவிழக்கும். நம் கொக்கி வரும் மூலையே அந்த இடம். இரும்பிலேயே செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கடற்காற்றால் எந்த இரும்பும் நிற்பதில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: துத்தநாகம் பூசிய ஜி.பி. பைப்பில் செய்து, அதன்மேல் பவுடர் கோட்டிங் கொடுங்கள். வெல்டிங் செய்யும் இடத்தில் துத்தநாகம் எரிந்து புகையாகும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும் என்பதால், அந்த இடத்தை முன்பே தேய்த்தெடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பிறகு அங்கே அடுப்பு வெப்பம் தாங்கும் துத்தநாக பிரைமர் பூச வேண்டும்.

துருவின் வாசல்கள் இரண்டு: ஈரத்துணியால் தரையைத் துடைக்கும்போது நனையும் காலடியும், பைப்பின் மூடப்படாத முனைகளும். காலடிக்கு உயரமான பிளாஸ்டிக் பாதமும் முனைகளுக்கு இறுக்கமான மூடியும் போடுங்கள். மூடி மூட்டைப்பூச்சிக்கும் இடம் தராது. கொக்கிகளில் மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பூச்சு உரியும். ஆகவே வீடு மாறும்போதெல்லாம் கொக்கியைத் துடைத்து மெழுகு தேய்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியாக வசிக்கிறேன். இப்படிப்பட்ட கட்டிலை ஒரே ஆள் பூட்ட முடியுமா? (வாசகி, திருச்சி)

பதில்: முடியும், ஆனால் அதை வடிவமைக்கும்போதே நினைக்க வேண்டும். தலைமாட்டுச் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைக்காமலே நிற்கும்படி, அதன் கால்களுக்கு அகலமான பாதம் கொடுக்கச் சொல்லுங்கள். கொக்கியின் நுனி நீள்துளைக்குள் தானாக வழிகாட்டி நுழையும்படி சற்று உருட்டியிருந்தால், பக்கச் சட்டத்தின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையைத் தரையில் வைத்துவிட்டுக் கால்மாட்டுப் பக்கம் போகலாம். 2 மீட்டர் நீளமுள்ள 60க்கு 40 பைப் 5 கிலோவுக்குள்தான் இருக்கும் என்பதால் தூக்குவது சிரமமில்லை. இரு பக்கச் சட்டங்களையும் இடம் வலம் மாறினாலும் பொருந்தும்படி ஒரே அமைப்பில் செய்யச் சொல்லுங்கள். பட்டைகளைக் கடைசியில் இறக்குங்கள். அதற்கு முன் நான்கு தாழ்ப்பாள்களும் விழுந்த சத்தம் கேட்டதா என்று பாருங்கள். கேட்காத மூலையின் சட்டத்தை மேலிருந்து ஒருமுறை அழுத்தினால் கொக்கி இறங்கித் தாழ்ப்பாளும் விழும்.